முனகல் வரும்வரை

பிப்ரவரி 11

அன்புத் தம்பி சுருட்டைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எனக்கு வேளைக்குச் சாப்பாடு, படுத்தால் தூக்கம், உடம்பில் ஒரு குறையும் இல்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் என் மருமகள் குட்டியும் எப்படியிருக்கிறீர்கள் என்று உடனே எழுது.

தலையில் சுருட்டிக்கொள்ள ஒரு முடி மிச்சமில்லாதவனை இன்னும் சுருட்டை என்கிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. வைத்த பெயர் வைத்ததுதான். முதலில் என் கோபத்தைக் கேள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பட்டறை வாசலில் வரிசையில் நின்று உனக்கு போன் போடுகிறேன். மணி அடிக்கிறது, ஆள் எடுப்பதில்லை. எனக்குப் பின்னால் நிற்பவர்கள் "வீட்டுல உங்க மேல கோபமா?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

கடல் தாண்டி வந்த இந்த ஊரில் என்னைக் கப்பல் பம்புகளைக் கழற்றி மாட்டுகிற பிரிவில் போட்டிருக்கிறார்கள். ஸ்பேனர் ஒவ்வொன்றும் என் தோள் உயரம். ஸ்பேனர் பெரிது என்று நினைக்காதே, நான்தான் குட்டை. டிசம்பரில் ஒப்பந்தம் முடியும் வரை லீவு என்ற பேச்சையே எடுக்கக் கூடாதாம்.

முசுடு எப்படி இருக்கிறது? பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகவிருந்த காரை நாம் இருவரும் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு வந்ததையும், ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே அது நம்மைப் பார்த்து உறுமியதையும் இங்கே சொன்னால் யாரும் நம்பவில்லை. நான் இல்லை என்று ஓட்டுநர் ஸீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டிருப்பாய். போட்டுக்கொள். ஆனால் என் குட்டைக் காலுக்காக ஸீட் நகர்கிற தண்டவாளத்தில் முன்னால் துளைத்த இரண்டு ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதே. திரும்பி வந்தால் அவைதான் எனக்கு இடம்.

அன்புடன்,
உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூவரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். கப்பலுக்குள் ஏறும்போது தலையைக் குனிந்து போ என்று எழுத நினைத்தேன். உனக்கு அந்தத் தேவை இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

போன் கோளாறு. மணி மட்டும் அடிக்கும், பேச்சு கேட்காது. புகார் கொடுத்திருக்கிறேன். அதுவும் நல்லதுதான், கடிதத்தில் உன் திட்டை இரண்டு முறை படிக்கலாம்.

உன் ஓட்டைகள் பத்திரம். ஸீட் என் காலுக்கு ஏற்றபடி கடைசிக் குழியில் இருக்கிறது. முசுடுக்கு ஒரு புதுமை செய்தேன். கிளட்ச் மிதியைக் கழற்றிவிட்டு, கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு கை லீவர் வைத்திருக்கிறேன். பழைய மோட்டார் சைக்கிள் லீவர், புதுக் கேபிள். பிடித்தால் கிளட்ச், விட்டால் ஓட்டம். ஏன் என்று கேட்பாய். நம் ஊர் நெரிசலில் இடது கால் சும்மா மிதித்து மிதித்து அலுத்துப்போகிறது. அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டு முடித்த சாயங்காலங்களில் இதுதான் என் பொழுதுபோக்கு. உன் தம்பி பெண்டாட்டி "வீட்டுல குழாய் ஒழுகுது, அதைப் பாக்க ஆளில்ல" என்று முறைக்கிறாள்.

இன்னொன்று. டிசம்பரில் நீ கப்பலை விட்டு இறங்கும்போது துறைமுக வாசலில் முசுடு நிற்கும். நானே ஓட்டிக்கொண்டு வருவேன். டாக்சி பிடிக்கிற வேலை எல்லாம் வேண்டாம். இது என் வாக்கு.

உன் அன்புத் தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள சுருட்டை,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். வெயில் ஏறிவிட்டதால் இரும்பைத் தொட்டால் கை பொரிகிறது, மற்றபடி ஒன்றுமில்லை. குட்டிக்குப் பல் விழுந்ததா?

கை லீவரா? நல்ல மிதி இருக்கும்போது அதைப் பிடுங்குவானா ஒருவன்? சரி, பிடுங்கியாச்சு. கேபிளை எக்ஸாஸ்ட் புகைக் குழாய்ப் பக்கம் கொண்டுபோகாதே, சூட்டில் உள்ளுறை இளகி இறுகிக்கொள்ளும். பெரிய வளைவாகக் கொண்டு போ.

நம் வீட்டுச் சட்டத்தை இங்கே என் ஆட்களிடம் சொல்லி நன்றாகச் சிரிப்பு வாங்கினேன். இங்கே அளவு காட்டும் ஸ்பேனர் தருகிறார்கள், இறுக்கியது போதும் என்றால் அதுவே 'டிக்' என்னும். "எங்க வீட்ல அளவு காட்டுறது தொண்டை" என்றேன். நீ இறுக்கினாய் என்று நானும் நான் இறுக்கினேன் என்று நீயும் நினைத்து, முன்சக்கரம் கழன்று நமக்கு முன்னால் உருண்டு போனதே, அந்தக் கதையையும் சொன்னேன். அன்றைக்குத்தானே சட்டம் பிறந்தது! ஒரு நட்டை, இறுக்குகிறவர் வாயிலிருந்து முனகல் வரும்வரை இறுக்க வேண்டும். முனகல் வந்தவுடன் அதன் மேல் என் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. கோடு இருந்தால் அடுத்தவர் கை வைக்கக் கூடாது, வைத்தால் இறுக்கியவருக்கு அவமானம். இத்தனை வருஷத்தில் அதற்குப் பிறகு ஒரு நட் கழன்றதுண்டா? இதைக் கேட்ட மேற்பார்வையாளர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

துறைமுக வாக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்தத் தகரக் கூரைக்குக் கீழே அதை நினைத்துக்கொண்டுதான் நாட்களை ஓட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா

மே 20

அன்புள்ள அக்கா,

நலம். தாமதத்துக்குக் கோபிக்காதே. குட்டிக்கு முன்பல் இரண்டும் போய், 'அத்தை' என்றால் 'அத்ஃபை' என்று வருகிறது.

முசுடு இப்போது அடையாளம் தெரியாது. ஒரு வேனிலிருந்து கழற்றிய பெரிய ஸ்டீயரிங் போட்டாயிற்று. தாம்பாளம் மாதிரி அகலம், ஆனால் சுண்டினால் திரும்பும். சாவியைத் திருகுகிற வேலை இல்லை, தட்டினால் ஸ்டார்ட் ஆகிற பொத்தான் வைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் லாரிக் கண்ணாடி. கழுத்தைத் திருப்பாமலே பின்னால் வருகிறவன் மூக்கைச் சொறிவது வரை தெரிகிறது. தெருவில் பையன்கள் "அண்ணே, இது காரா, பஸ்ஸா?" என்று கேட்கிறார்கள்.

ஸ்டீயரிங்கைத் தொட்டதோடு விடவில்லை. அதன் கீழ் இணைப்புகள், முன்சக்கரம், பின்சக்கரம் எல்லாம் கழற்றி, கிரீஸ் போட்டு, புது நட் மாட்டி, நானே முனகி முனகி இறுக்கிக் கோடு போட்டேன். இப்போதெல்லாம் சீக்கிரமே முனகல் வந்துவிடுகிறது, வயசாகிறது பார்! உன் நகப்பூச்சுக் குப்பி பாதி காலி.

அலுவலகத்துக்கு இப்போது போவதில்லை. வீட்டிலிருந்தே வரைகிறேன், அதுவே வசதி. கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மேஜை ஆடுவதுதான் காரணம்.

உன் தம்பி

ஜூன் 14

தம்பி,

நான் நன்றாக இருக்கிறேன். நீ?

இதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. உன் கடிதங்களை எல்லாம் கட்டில் மேல் பரப்பி வைத்துக்கொண்டு கேட்கிறேன். வரைபடக்காரன் எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்த எழுத்துடா அது. மார்ச்சில் அச்சடித்தது மாதிரி இருந்தது, மே மாதத்தில் எறும்பு செத்துக் கிடப்பது மாதிரி இருக்கிறது. மேஜை ஆடுகிறதாம். எனக்கே காதில் பூ சுற்றுகிறாயா?

கால் மிதிக்கவில்லை, அதனால் கை லீவர். தோள் இழுக்கவில்லை, அதனால் பெரிய ஸ்டீயரிங். விரல் சாவியைத் திருகவில்லை, அதனால் பொத்தான். கழுத்து திரும்பவில்லை, அதனால் லாரிக் கண்ணாடி. நீ காரை மாற்றவில்லை. உன்னிடமிருந்து எது போகிறதோ அதற்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே வருகிறாய்.

உனக்கு என்னடா ஆச்சு? பூசி மெழுகாமல் எழுது.

அக்கா

ஜூலை 12

தம்பி,

பதில் இல்லை. தபாலைக் குறை சொல்லிப் பார்த்தேன், மற்றவர்களுக்கெல்லாம் வருகிறது.

போன ஞாயிறு போன் போட்டேன். குட்டி எடுத்தாள். பேச்சு கேட்காது என்றாயே, அவள் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. "அப்பாகிட்ட குடு" என்றேன். "அப்பா இங்கதான் அத்ஃபை இருக்காரு. வேணாம்னு தலையாட்டுறாரு" என்றாள். "ஏன்மா?" என்றேன். "அப்பா பேசினா உங்களுக்குப் புரியாது. எனக்கு மட்டுந்தான் புரியும்" என்றாள், ஏதோ பெருமையாக. அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. மறுபடி போட்டால் மணிகூட அடிக்கவில்லை. வயரைப் பிடுங்கிவிட்டாய், இல்லையா?

வரிசையில் நின்றவர்கள் முன்னால் அழுதுவிட்டேன். வெட்கமாயில்லை. எனக்கு எழுது. எதுவானாலும் எழுது. இப்படி இருட்டில் விடாதே.

அக்கா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

நீ சுகமா? நான் இல்லை.

போன வருஷம் இடது காலில் தொடங்கியது. நரம்பு தசையோடு பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டு வருகிறதாம். கால், கை, நாக்கு. கடைசியில் மூச்சு. மருந்து உண்டா என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

உனக்கு ஏன் சொல்லவில்லை? சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். முதலில் என் கையிலிருந்து வண்டியை வாங்குவாய். அக்கா, நடந்தால் தெருவே வேடிக்கை பார்க்கிறது. பேசினால் கடைக்காரன் என் பெண்டாட்டியைப் பார்த்து "என்ன சொல்றாரு?" என்கிறான். முசுடுக்குள் உட்கார்ந்துவிட்டால் எவனுக்கும் தெரியாது. எல்லாரையும் மாதிரி சிக்னலில் நிற்கிறேன், எல்லாரையும் மாதிரி கிளம்புகிறேன். நான் இன்னும் ஆளாக இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். ஒவ்வொரு உறுப்பாகப் போகப் போக ஒவ்வொன்றுக்கும் ஒரு லீவர், ஒரு பொத்தான் என்று தேடி ஓடுகிறேன். டிசம்பர் வரை இந்த நோய் என்னை முந்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். உன்னைத் துறைமுகத்திலிருந்து கூட்டிவந்த பிறகு சாவியை நானே உன் கையில் கொடுக்கிறேன்.

தினமும் குட்டியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, நானே கூட்டி வருகிறேன். நிதானமாகத்தான் ஓட்டுகிறேன். பயப்படாதே. ஒரு நட் விடாமல் எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு இருக்கிறது. எல்லாம் இந்த வருஷம் நானே என் கையால் முனகி இறுக்கியது.

கோபிக்காதே.

உன் தம்பி

ஆகஸ்ட் 16

டேய் தம்பி,

வண்டியை எடுக்காதே. இதற்கு முன்னால் தந்தி வந்திருக்கும். வந்தும் எடுத்திருந்தால், இந்தத் தாளைப் படிக்கிற இந்த நிமிஷத்திலிருந்து எடுக்காதே. உன் வீட்டுக்காரிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், அவள் வேலை செய்கிற தையல் கூடத்து விலாசத்துக்கு.

உன் கடிதத்தைப் படித்து முதலில் நான் உனக்காகத்தான் அழுதேன். கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மறுநாள் வேலையில் ஸ்பேனர் 'டிக்' என்றது. அந்தச் சத்தத்தில் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன். ஆட்கள் பிடித்து உட்கார வைத்தார்கள்.

முனகல்டா. நம் அளவு முனகல். நீயே மே மாதம் எழுதினாய், சீக்கிரமே முனகல் வந்துவிடுகிறது என்று. நான் அதைப் படித்துச் சிரித்தேன்! உனக்கு முனகல் வரும்போது நட் இறுகவில்லை. உன் கைதான் தீர்ந்துபோகிறது. நட் பாதியில் நிற்கிறது, அதன் மேல் கோடு போட்டிருக்கிறாய். கோடு இருப்பதால் யாரும் கை வைக்கவும் மாட்டார்கள். சக்கரம், ஸ்டீயரிங் எல்லாம் இந்த வருஷம் நீ இறுக்கியது. அதில் என் மருமகளை உட்கார வைத்துக்கொண்டு போகிறாய்.

ஸ்டீயரிங் இணைப்பு நட்டில், அது கழலாமல் தடுக்கிற கம்பிப் பின்னைச் செருகினாயா? செருகி அதன் இரண்டு காலையும் வளைத்தாயா? விரல் வளைந்ததா?

உன்னைக் கெஞ்சுகிறேன், என் கண்ணே. நீ ஆளாக இரு, எப்படியும் இரு, ஆனால் வண்டியை எடுக்காதே.

அக்கா

ஆகஸ்ட் 30

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். குட்டி நலம். நாங்கள் இருக்கிறோம்.

எனக்கு உங்களைப் போல எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தந்தி வந்தபோது அதைப் படித்துவிட்டுத் தம்ளருக்கு அடியில் வைத்தார். பலகையில் எழுதித்தான் இப்போது பேசுகிறார். "அக்கா அப்படித்தான், அதட்டுவா" என்று எழுதிக் காட்டினார். அதற்குப் பிறகும் வண்டியை எடுத்தார். நானும் விட்டேன். அதில் உட்காரும்போது மட்டும் அவர் முகம் பழைய முகமாக இருக்கும், அதை எப்படித் தடுப்பது?

உங்கள் கடிதம் தையல் கூடத்துக்கு வந்தது. மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தேன். அப்போதுதான் இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இறங்குகிறார்கள். நான் நேராக ஸ்பேனரை எடுத்து முன்சக்கரத்தில் மாட்டினேன். ஊசி பிடிக்கிற கை, ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. சும்மாதான் அழுத்தினேன், சுற்றியது. அவர் சத்தம் போட்டார். "கழட்டுறே, கழட்டுறே" என்கிறார் என்று குட்டி சொன்னாள். "இல்லீங்க, இறுக்குறேன். நல்லாப் பாருங்க" என்றேன். முக்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுத்ததும் சுற்றியது. அதற்கடுத்ததும். சக்கரம் சக்கரமாக நான் போக, முக்காலியை நகர்த்திக்கொண்டு கூடவே வந்தார். சுற்றாத நட் ஒன்றுகூட இல்லை, அக்கா.

"அம்மா, கோடு போட்டிருக்கே, ஏன் கை வைக்கிறே? அப்பாக்கு அவமானம் இல்லையா?" என்று குட்டி கேட்டாள். புத்தகப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை அவள்.

ஸ்டீயரிங் கீழே படுத்துப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். படுத்தேன். நீங்கள் சொன்ன கம்பிப் பின் போட வேண்டிய ஓட்டை காலியாக இருந்தது. ஸ்பேனர் வைக்க வேண்டியிருக்கவில்லை. விரலாலேயே சுற்றியது அந்த நட். அதன் மேல் கோடு அவ்வளவு நேராக, அழகாக இருந்தது.

வெளியே வந்தபோது அவர் இரண்டு கையையும் மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குட்டியைப் பார்த்தார். அந்த மாதிரி ஒரு மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. சத்தமே இல்லை. என்னால் அவரைத் தொடக்கூட முடியவில்லை.

அன்றிலிருந்து வண்டிப் பக்கம் போகவில்லை. பலகையைத் தொடுவதில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொள்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார், திருப்பிப் படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். வண்டியை நிறுத்தியது சரிதான். ஆனால் அதோடு அவரும் நின்றுவிட்டார். எனக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நீங்கள் வந்தால் சாப்பிடுவாரோ என்னவோ.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

செப்டம்பர் 15

என் சுருட்டைக்கு,

இதை உன் வீட்டுக்காரி உனக்கு வாசித்துக் காட்டுவாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டே கேள், பரவாயில்லை. காது சுவருக்குள் போகாது.

ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேற்பார்வையாளர் கத்தினார், நானும் கத்தினேன். ஆட்களை ஏற்றிப் போகிற அடுத்த கப்பல் நவம்பரில்தானாம். நீந்த முடிந்தால் இன்றைக்கே கிளம்பிவிடுவேன். நவம்பர் கடைசியில் துறைமுகத்தில் இறங்குகிறேன்.

நீ நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். குட்டியை எங்கே கொண்டுபோய் விட்டிருப்பேன் என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறாய். அது நடக்கவில்லை. அந்தச் சட்டத்தில் பாதி என்னுடையது, நகப்பூச்சு என்னுடையது. நீ படுத்தால் நானும் உன் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். எழுந்திரு.

எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். துறைமுக வாசலில் முசுடு நிற்க வேண்டும். ஓட்டிவருவது யாராயிருந்தாலும் எனக்குக் கவலையில்லை. உள்ளே நீ இருக்க வேண்டும். நீ இல்லாமல் வெறும் வண்டி வந்தால் நான் அந்தக் கப்பலிலேயே திரும்பிப் போய்விடுவேன், சொல்லிவிட்டேன். அங்கிருந்து வீட்டுக்கு நான் ஓட்டுகிறேன். ஆனால் எவனோ கிறுக்கன் கிளட்ச் மிதியைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு லீவர் வைத்திருக்கிறான். அதை எப்படிப் பிடிப்பது, எப்போது விடுவது, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சொல்லிக்கொடுக்க அவன் ஒருவன்தான் இருக்கிறான்.

செத்துப்போய்விடாதேடா. வேறெப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் வருகிற வரைக்கும் செத்துப்போய்விடாதே.

அக்கா

அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர வேண்டும். கப்பல் ஏறுவதற்குள் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு அனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்தேன். 'கிறுக்கன்' என்ற இடத்தில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன், சிரிப்பு. அன்று சாயங்காலம் கஞ்சி இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டார். அதற்காக நல்லாயிருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்து இப்போது நிற்பதில்லை. படுத்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தபடியே இருக்கிறேன். நவம்பருக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் மறுநாளே தன்னை வண்டிக்கு அழைத்துப் போகச் சொன்னார். முக்காலியில் சாய்த்து வைத்தேன். இரண்டு கண்ணாலும் குட்டியின் வாயாலும்தான் சொல்கிறார், நான் செய்கிறேன். பக்கத்து ஸீட்டுக்குக் கழுத்துத் தாங்கி ஒன்று தைத்து மாட்டச் சொன்னார். ஸ்டீயரிங் நட்டில் கம்பிப் பின் போட்டு அதன் இரண்டு காலையும் வளைத்தேன். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். கடைசியாக ஓட்டுநர் ஸீட்டைக் கழற்றச் சொன்னார். அதைத் தள்ளி, முன்னால் இருக்கிற இரண்டு ஓட்டையில் மாட்டச் சொன்னார். இத்தனை வருஷமாக அந்த ஓட்டை எதற்கு என்று எனக்குத் தெரியாது. குட்டிதான் "அது அத்ஃபை கால்" என்றாள்.

எங்கள் எதிர்வீட்டு டாக்சிக்காரர் துறைமுகத்துக்கு ஓட்டிவர ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒருமுறை தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது, தாடையில் முட்டுகிறது, ஸீட்டைக் கொஞ்சம் பின்னால் போடுங்கள் என்று புலம்புகிறார். இவர் தொடவே விடவில்லை. கண்ணை உருட்டுகிற உருட்டில் பாவம், அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

கூடவே ஒரு துண்டுத் தாள் வைத்திருக்கிறேன். குட்டி பேனாவைப் பிடித்துக்கொள்ள, அவள் கை மேல் அவர் கையை வைத்து எழுதினார். நாள் கணக்கில் ஆனது. பாதியில் நான் எழுதித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார்.

உங்கள் தம்பி மனைவி

அக்கா

லீவரைப் பிடி. கியர் போடு. மெல்ல விடு. திடீர்னு விட்டா முசுடு எகிறும்.

நட் எல்லாம் அவ இறுக்கினா. கோடு நான் போட்டேன், கோணலா இருக்கும்.

ஸீட் உன் ஓட்டையில இருக்கு.

எனக்கு ரொம்ப பயமா இருக்கு. முனகல் வர்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டிருக்கேன். சீக்கிரம் வா.